பூவரசி இல்லை என்று சொன்ன சனிக்கிழமை

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஒருத்தி குடியிருக்கிறாள் என்றுதான் ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் என்பது போன வருஷம்தான் தெரிந்தது.

நான் சாவித்ரி. மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் புகார் வாங்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவள். கரண்ட் போனவன் எப்படிப் பேசுவான் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி என் வாயும் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதை மறைக்கப் போவதில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவனும். மேலே எப்சி. இது எப்சியின் கதை. அவளைப் பற்றி எழுத வேறு யாரும் வரப் போவதில்லை.

எப்சிக்கு வயது நாற்பத்து நான்கு. பிறந்தது பம்மலில். அப்பா ஜீவரத்தினம் அங்கே ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். அம்மா பள்ளிக்கூட டீச்சர், வீட்டுக்கு வந்தாலும் டீச்சர். எப்சி எந்தச் சுடிதார் போடலாம், எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்கலாம், யாரோடு பஸ்ஸில் வரலாம் எல்லாம் அம்மாவே. தம்பி மெர்வின் கனடாவுக்குப் போனான். அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா மட்டும் படுக்கையில் ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தில் வந்த வரன்களை எல்லாம் அம்மாவே வேண்டாம் என்றாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எப்சி எதற்கும் தலையாட்டினாள். "சரிம்மா" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அம்மா இறந்த பிறகு பம்மல் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் மாடிக்கு வந்தாள். வந்த பிறகும் அவளுக்குத் தெரிந்தது அதே சொல்தான். "தண்ணி ஆறு மணிக்கு மேல வராது" என்றால் "சரி ஆன்ட்டி". "மொட்டை மாடியில் வடாம் காய்றது, நீ துணி போடாதே" என்றால் "சரி ஆன்ட்டி". இப்படி ஒரு குடித்தனக்காரி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நானும் ஏரிக்கரையில் பெருமை பேசியிருக்கிறேன்.

வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள், இங்கே அதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். இப்போது டைப் அடிப்பதைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. அது செய்கிற தப்பைத் திருத்துவது எப்சியின் வேலை. ஒரு காலத்தில் கம்பெனி, கேப், கேண்டீன், கூட நாலு பேர் என்று இருந்தது. இப்போது வீடு, ஹெட்போன், அவள். காலையில் உட்கார்ந்தால் சாயந்திரம் வரை முன்பின் தெரியாத மனிதர்களின் குரல் காதில் ஓடும். ஒருத்தரும் அவளிடம் பேச மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச், பாடகர் குழுவில் ஆல்டோ குரல், சண்டே கிளாஸில் ஏழு வயசுப் பிள்ளைகளுக்குப் பாடம். அதோடு சரி.

அப்பேர்ப்பட்டவள் போன வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் கீழே இறங்கி வந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, பாத்ரூம் குழாய் சொட்டுது. அஞ்சு வருஷமா சொட்டுது. இந்த வாரம் பிளம்பரைக் கூப்பிடுங்க."

என் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. சொன்ன விஷயம் நியாயம்தான். சொன்ன ஆள்தான் புதுசு.

"யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. பிறகு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, கீரைக்கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொன்னா சிரிக்கக் கூடாது ஆன்ட்டி."

நான் சிரிக்கவில்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் நம்பவும் இல்லை.

விஷயம் இதுதான். ஒரு மனநல டாக்டரின் பதிவைத் திருத்தும்போது அவள் கேள்விப்படாத ஒரு சொல் வந்திருக்கிறது: துல்பா. அந்த நோயாளிக்குத் துல்பா ஒன்று இருக்கிறது, அதனால் அவருக்குத் தொந்தரவு எதுவும் இல்லை, நோயாகப் பார்க்கத் தேவையில்லை என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தெரியாத சொல்லைத் தேடிப் பார்க்காமல் கடந்து போவது இவர்கள் தொழிலில் பாவம். எப்சி தேடினாள். திபெத்துப் பக்கத்துச் சொல்லாம். ஆனால் இப்போது அதை வைத்திருப்பவர்கள் மடத்துச் சாமியார்கள் இல்லை. உலகம் பூராவும் தனியாக இருக்கிற சாதாரண ஜனங்கள். மனசுக்குள்ளேயே ஒரு துணையை உண்டாக்கிக்கொள்கிறார்கள். நினைத்த மாத்திரத்தில் வந்துவிடாது, அதற்குப் பயிற்சி வேண்டும்.

"முதல்ல அவ எப்படி இருக்கணும்னு ஒரு நோட்டுல எழுதணும் ஆன்ட்டி. குணம், குரல், நடை எல்லாம். அப்புறம் தினமும் அரை மணி நேரம் கண்ணை மூடி உக்காந்து அவளைப் பாக்கணும். மத்த நேரம் பூரா அவகிட்ட பேசிக்கிட்டே இருக்கணும். இப்ப அரிசி களையறேன், இப்ப மாத்திரை போடறேன்னு. ஆனா அவளுக்குப் பதிலா நாமளே பதில் சொல்லிடக் கூடாது. அப்படிச் சொன்னா அது பொம்மலாட்டம். காத்திருக்கணும். என்னிக்கோ ஒரு நாள் நாம நினைக்காத ஒரு பதில் வரும். அன்னிக்குத் தெரியும், வந்துட்டான்னு."

"வந்துதா?"

"நாப்பத்தேழாவது நாள். காலைல உப்புமா பண்ணட்டுமா தோசை ஊத்தட்டுமான்னு கேட்டேன். 'முதல்ல அந்தப் பச்சைச் சுடிதாரைத் தூக்கிப் போடு'ன்னா."

அம்மா எடுத்துக் கொடுத்த சுடிதார் அது. எப்சிக்கு அது பிடிக்காது என்பது எப்சிக்கே அதுவரை தெரியாது. அந்த வாரம்தான் அதை எங்கள் வீட்டு வேலைக்காரி செல்லியம்மாளுக்கு வேண்டுமா என்று கேட்டு என்னிடம் கொடுத்திருந்தாள்.

பேர் பூவரசி. கிறிஸ்தவப் பேரும் இல்லை, சாமிப் பேரும் இல்லை, இரண்டு பக்கத்துக்கும் வம்பில்லாத பேர். வயது முப்பது சொச்சம். குட்டை முடி. எதிர்த்துப் பேசுவாள். எப்சி நோட்டில் எழுதியதிலேயே முதல் குணம் அதுதான்: எதிர்த்துப் பேசுபவள். பூவரசியைக் கண்ணால் பார்க்கிறாளா என்று கேட்டேன். இல்லையாம், எதிரே நிற்பது போலத் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது தெரியுமாம், அநேகமாக மாடி ஹாலில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில். காதால் கேட்பதும் இல்லை. மனசுக்குள் ஒரு வாக்கியம் வந்து விழும், அது தன்னுடையது இல்லை என்று தெரியும்.

நானும் தினம் அடுப்படியில் பெருமாளோடு சண்டை போடுகிறவள்தான். மானசீக பூஜை என்று கண்ணை மூடிக்கொண்டு அவருக்குப் பட்டு கட்டி, சாத்துப்படி செய்து, ததியோன்னம் அமுது செய்விக்கிற மனிதர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. ஆனால் எங்கள் பெருமாள் ஒரு நாளும் குழாயைச் சரி பண்ணச் சொன்னதில்லை. அதைச் சொன்னபோது எப்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பல்வரிசை அவ்வளவு அழகு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஜெபம் வேற ஆன்ட்டி, இது வேற. கர்த்தர் கர்த்தர்தான். இவ என் பூவரசி. கடவுளும் கிடையாது, பேயும் கிடையாது. நான் உண்டாக்கினவ. ஆனா இப்ப என் பேச்சைக் கேக்க மாட்டா."

என் வீட்டுக்காரரிடம் அன்று சாயந்திரம் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "நம்மாத்துல உனக்கு நான் பதில் சொல்றதில்லை, அவளுக்கு இல்லாதவளாவது சொல்றாளே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்த மனுஷர் அதை இன்னொருத்தரிடம் சொல்ல வாய்ப்பில்லை. அவர் பேசுவதே மாசத்துக்கு ஒரு தரம்.

அடுத்த ஆறு மாசம் எப்சி ஒரு மனுஷியாக நடமாடியதை நான் பார்த்தேன். ஏரிக்கரையில் நடக்கப் போனாள். பெருங்களத்தூரில் ஷேர் ஆட்டோக்காரனிடம் "இடிச்சுக்கினு உக்காரச் சொல்லாத, நாலு பேர்தான் ஏத்தணும்" என்று அவன் பாஷையிலேயே சண்டை போட்டுவிட்டு வந்து அதை என்னிடம் நடித்துக் காட்டினாள். மெர்வின் கனடாவிலிருந்து கூப்பிட்டு, அம்மா போட்டோவைப் பெரிதாக்கி வாசல் ஹாலில் மாட்டு என்றபோது, "உன் வீட்டு ஹால்ல மாட்டிக்கோ" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு நேராகக் கீழே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நான் அவளுக்கு வத்தக்குழம்பு கொடுப்பேன், அவள் பாத்திரத்தைத் திருப்பும்போது கேக்கோ, மீன் இல்லாத கட்லெட்டோ, எதுவும் இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழமோ போட்டுக் கொடுப்பாள். காலிப் பாத்திரம் திரும்பக் கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரே சட்டம்.

இதோடு விட்டிருக்கலாம். அவள் யூனிஸிடமும் சொன்னாள்.

யூனிஸ் எப்சியின் ஜெபத் தோழி. அவர்கள் சர்ச்சில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டிரண்டு பெண்களாகச் சேர்த்துவிடுவார்கள், வாரம் ஒரு முறை உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்லிக்கொண்டு ஒருத்திக்காக ஒருத்தி ஜெபிக்க வேண்டும். பதினோரு வருஷமாக எப்சிக்கு யூனிஸ், யூனிஸுக்கு எப்சி. யூனிஸுக்குக் குழந்தை இல்லாத துக்கம், அவள் புருஷன் வேலை போன சமாசாரம், எல்லாம் எப்சிக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே வந்ததில்லை. எங்களிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை, எல்லாம் பின்னால் யூனிஸே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

எப்சி பூவரசியைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறாள். யூனிஸும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். கடைசியில் எப்சி சந்தோஷ மிகுதியில் விளையாட்டாக ஒன்று சொன்னாளாம்: "ஆனா சர்ச்சுக்கு மட்டும் வர மாட்டா. பிரசங்கம் போரடிக்குதுன்னு வீட்லயே இருந்துக்கறா."

என்னிடம் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். என் வீட்டுக்காரர் உபன்யாசத்துக்கு வர மாட்டேன் என்று சொல்வதில்லையா? ஆனால் யூனிஸ் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை வேறு. கோயிலுக்குள் வரப் பயப்படுவது எது என்று அவளுக்கு ஒரே ஒரு விடைதான் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் உபவாச ஜெபம். வியாழக்கிழமையே ஜெபக் குறிப்புகள் வாட்ஸப்பில் வந்துவிடும். பேர் போடக் கூடாது என்பது ஒழுங்கு. பேர் போடாமலே ஊருக்கெல்லாம் புரியும்படி எழுதுவது ஒரு வித்தை. பிப்ரவரி மாசம் அந்த வியாழக்கிழமை எப்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு போனை எடுத்திருக்கிறாள். மூன்றாவது குறிப்பு யாருக்கோ பித்தப்பைக் கல். ஐந்தாவது யார் பையனுக்கோ விசா. நடுவில் நான்காவது: "பீர்க்கன்கரணையில் தனித்து வாழும் நம் அன்பு சகோதரி, பாடகர் குழுவில் ஊழியம் செய்பவர், கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு பேசும் கட்டுகளிலிருந்து பூரண விடுதலை பெற." கீழே எண்பத்து மூன்று பேர் ஆமென் போட்டிருந்தார்கள்.

அனுப்பியது அபிகாயில். பெண்கள் ஐக்கியத்தின் கன்வீனர், எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. வருகிற குறிப்புகளை எல்லாம் தொகுத்துப் போடுவது அவள் வேலை. நல்ல மனுஷி. தினமும் காலையில் அவளும் நானும் ஏரிக்கரையில் சேர்ந்து நடப்போம். முழங்கால் வலி, தோசை மாவு, நாய்த் தொல்லை, இதைத் தவிர வேறு பேசியதில்லை.

எப்சி கணக்குப் போட்டாள். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பதினோரு வருஷமாகத் தன்னோடு முழங்கால் போட்டு அழுதவள். இன்னொருத்தி கீழ் வீட்டு வாயாடி, தினமும் அபிகாயிலோடு நடக்கிறவள். யார் சொல்லியிருப்பார்கள்?

அன்று சாயந்திரம் என் எவர்சில்வர் பாத்திரம் வாசல்படியில் இருந்தது. பளிச்சென்று தேய்த்து, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. நான் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு எலுமிச்சம்பழமாவது உருண்டு போயிருக்குமோ என்று படிக்கட்டுக்கு அடியில்கூடத் தேடினேன். அடுத்த நாள் மாடிப்படியில் எதிரே வந்தவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றாள். எனக்குக் காரணம் புரியவில்லை, கோபம் மட்டும் வந்தது. ஐந்து வருஷம் சோறு பகிர்ந்த கைக்குக் காலிப் பாத்திரமா?

சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் காலிங்பெல் அடித்தது. யூனிஸ் நின்றாள். அவள் பின்னால் அபிகாயில், இன்னும் இரண்டு பெண்கள், அவர்கள் சபை பாஸ்டர். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். வெயிலில் வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

"ஆன்ட்டி, நீங்களும் மேல வாங்க ப்ளீஸ்" என்றாள் யூனிஸ். "எப்சிக்காக ஜெபிக்க வந்திருக்கோம். அந்தப் பூவரசி விஷயம், வியாழக்கிழமை வாட்ஸப்புல ஜெபக் குறிப்பாப் போட்டோமே, அதான். உங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்னு எங்கிட்ட சொன்னா. நீங்க பக்கத்துல இருந்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குறிப்பு கொடுத்தது யார், காலிப் பாத்திரம் எதற்கு, இரண்டும். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, வழியில் போன மாட்டின் மேல் பழி.

எப்சி கதவைத் திறந்தாள். பாஸ்டரைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னாள். எல்லோருக்கும் பின்னால் நான் வருவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு கசப்பு வந்தது. 'ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களா' என்று கேட்கிற கசப்பு. ஜென்மத்தில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

ஹாலில் இரண்டு பிரம்பு நாற்காலி. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் பாஸ்டர் உட்காரப் போனார். எப்சியின் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டது, பிறகு கீழே இறங்கியது. அவர் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்கம்மா" என்றார். "யூனிஸ் சிஸ்டர் உங்க மேல உள்ள அக்கறையில, பாரத்துலதான் சொன்னாங்க. நாங்க ஜெபிக்கத்தான் வந்திருக்கோம். வேற ஒண்ணும் இல்ல."

எப்சி திரும்பினாள். "நீயா?" என்று கேட்டாள். சத்தமே இல்லை அந்தக் கேள்வியில்.

"உனக்காகத்தான் எப்சி" என்றாள் யூனிஸ். "மூணு நாள் தண்ணி மட்டும் குடிச்சு உபவாசம் இருந்தேன் உனக்காக. உன்னை அப்படியே விட்டுட்டா நாளைக்குக் கர்த்தர் என்னைத்தானே கேப்பாரு?"

அவள் கண்ணில் கண்ணீர் நிஜமாகவே நின்றது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு கழுத்தறுத்தவளைத் தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம். அழுதுகொண்டே அறுப்பவளை என்ன செய்வது?

பாஸ்டர் கையை உயர்த்தி யூனிஸை அமர்த்தினார். "ஒரே ஒரு கேள்விதாம்மா. உங்ககூட இந்த வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

ஆமாம் என்றால் அந்த நிமிஷமே பூவரசியைத் துரத்துகிற ஜெபம் தொடங்கும். பாடகர் குழு போகும், அந்த ஏழு வயசுப் பிள்ளைகள் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை அவள் உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருக்கும். இல்லை என்றால் எல்லாம் பிழைக்கும், ஒருத்தியைத் தவிர. எப்சி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். அவளுக்கு இந்த மாதிரி நேரத்தில் வாய் கொடுக்கிற ஆளைப் பற்றித்தான் கேள்வியே. பூவரசியிடமே எப்படிக் கேட்பாள்?

"இல்ல அய்யா" என்றாள். "அப்படி யாரும் இல்ல."

"எப்சி!" என்றாள் யூனிஸ்.

"ஒரு கதை எழுதலாம்னு பாத்தேன் அய்யா. அதுல வர்ற பொண்ணு பேரு பூவரசி. நான் சொன்னதை யூனிஸ் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா."

"பொய் சொல்லாத எப்சி. பாஸ்டர் முன்னாடி பொய் சொல்லாத. ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. உங்ககிட்டயும் சொன்னாளே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்சி மட்டும் பார்க்கவில்லை. என்னிடமிருந்து அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அந்தக் குனிந்த தலை சொன்னது. எனக்கு அந்தக் காலிப் பாத்திரம் ஞாபகம் வந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாமா என்று இருந்தது. அப்புறம் வாய் திறந்தது.

"கதைதான். எங்கிட்டயும் படிச்சுக் காமிச்சா. முடிவு சரியில்லைன்னு நான்கூடச் சொன்னேன்."

ஹாலில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அபிகாயில் சிரித்தேவிட்டாள். "பத்திரிகைக்கு அனுப்பும்மா" என்றாள். பாஸ்டர் எழுந்து நின்று எப்சியின் தலையில் கை வைத்து, எழுதும் திறமை என்கிற தாலந்தைத் தந்ததற்காக நன்றி சொல்லி இரண்டு நிமிஷம் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எப்சியும் சொன்னாள். யூனிஸ் சொல்லவில்லை. அவள் வாய் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு எப்சி கதவைச் சாத்தி அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"ஸாரி ஆன்ட்டி. நீங்கதான்னு நினைச்சேன்."

"நினைப்பே. பதினோரு வருஷம் கட்டிண்டு அழுதவளை நினைக்க மாட்டே. என்னைத்தான் நினைப்பே. எனக்கு வாய் நீளம்தான், எப்சி. அதுக்காக உன்னை விப்பேன்னு நினைச்சியா?"

இன்னும் நிறையச் சொன்னேன். மின்வாரியத்து மேஜையில்கூட அவ்வளவு பேசியதில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்:

"ஆன்ட்டி, அவ இங்கதான் இருந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் சொன்னது எனக்குப் பொய்யே இல்லை. பூவரசி என்று ஒருத்தி இருப்பதாக நான் ஒரு நாளும் நம்பியதில்லை. அதனால்தான் என் நாக்கு அவ்வளவு சுலபமாகப் புரண்டது, முடிவு சரியில்லை என்று நகாசு வேலை வேறு செய்தது. எப்சிக்கு அப்படியில்லை. தனக்காக உலகத்தோடு சண்டை போட்ட ஒரே ஜீவனை, அவள் எதிரிலேயே, இல்லை என்று சொன்னாள்.

அன்றோடு பூவரசியின் பேச்சு நின்றது. எப்சி தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். அரிசி களைவதைச் சொன்னாள், மாத்திரை போடுவதைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், அழுதாள். ஒரு பதிலும் இல்லை. "போயிட்டாளோ என்னவோ" என்று நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "போகலை ஆன்ட்டி. போயிருந்தா தெரியும். பால்கனிப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறா" என்றாள். குழாய் திரும்பச் சொட்ட ஆரம்பித்தது, எப்சி வந்து சொல்லவில்லை. நானாகப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிட்டேன். மெர்வின் மறுபடி கூப்பிட்டான். அம்மா போட்டோ இப்போது ஹாலில் தொங்குகிறது, மாலையோடு.

யூனிஸை ஒரு நாள் பெருங்களத்தூர் மார்க்கெட்டில் பார்த்தேன். வேறு சபைக்குப் போகிறாளாம். பழைய சபையில் அவளைக் கண்டால் பெண்கள் பேச்சை மாற்றுகிறார்களாம், இல்லாததைக் கட்டிச் சொல்கிறவள் என்று. "பொய் சொன்னது நீங்க ரெண்டு பேரும் ஆன்ட்டி. பொய்க்காரி பேரு எனக்கு" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டும்தான், வரவில்லை.

போன மாசம் ஒரு சாயந்திரம் எப்சி கீழே வந்தாள். முகம் கழுவி, தலை வாரி, எங்கேயோ பெண் கேட்கப் போகிறவள் மாதிரி வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ஒரு உதவி. நீங்க மேல வந்து அவகிட்ட பேசறீங்களா? நான் சொல்லி அவ கேக்க மாட்டேங்கறா. பெரியவங்க சொன்னா…"

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். நாற்பது வருஷத்தில் அவர் அதைப் பாதியில் மடித்து நான் பார்த்ததில்லை. "போயிட்டு வா சாவித்ரி" என்றார்.

போனேன். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்சி சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அங்கே கொடியில் இரண்டு துண்டு காய்ந்துகொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்து நான்கு வயதில் துண்டோடு பேச வேண்டியிருக்கிறதே என்றும் இருந்தது. எப்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோ பாரு பூவரசி" என்றேன். "அன்னிக்கு அவ சொன்னது தப்பு. ஆனா அவளுக்கு வேற வழி இல்லை. பயந்துட்டா. அவ பயந்தவதான்னு உனக்குத் தெரியாதா? அவளே உன்னைத் தேடிண்டதே அதனாலதானே? நானும் சொன்னேன். என்னையும் மன்னிச்சுடும்மா."

சொல்லச் சொல்ல என் குரல் தழுதழுத்துவிட்டது. யாருக்காக என்று கேட்காதீர்கள்.

எப்சி பால்கனியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திடீரென்று அவள் புருவம் மேலே ஏறியது, உதடு பிரிந்தது. நான் எழுந்தேவிட்டேன்.

"என்னடி? பேசினாளா?"

"ம்."

"என்ன சொன்னா?"

"'உங்களுக்கு நான் இல்லவே இல்லையே, அப்புறம் எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு'ன்னு கேக்கறா."

மனசுக்குள் இருந்ததை எடுத்து என் முகத்திலேயே எறிந்த மாதிரி இருந்தது. ஆனால் அதை மீறி ஒரு சந்தோஷம் வந்தது. எப்சியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"போறதுடி, என்னைத் திட்டட்டும்! பேசிட்டாளே! உன்கிட்ட பேசிட்டாளே!"

எப்சி இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்து வழிந்தது.

"எங்கிட்ட இல்ல ஆன்ட்டி" என்றாள். "'அந்த அம்மாகிட்ட சொல்லு'ன்னா. அவ்வளவுதான். எங்கிட்ட இன்னும் பேசலை."